மூன்று லிட்டர் ஆயிலும் கரிசல் மண்ணும்

பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அப்போது ஆயில் மாற்ற வேண்டும் என்பது மாருதியின் கணக்கு. அச்சங்குளத்தில் நான் அதுவரை காத்திருப்பதில்லை. சாத்தூருக்கும் சிவகாசிக்குமாகச் சின்னச் சின்ன ஓட்டம். கோடை முழுக்கக் கரிசல் புழுதி. அதனால் ஆறாயிரம் தாண்டியதும் என் பழைய பெட்ரோல் ஸ்விஃப்டுக்கு வீட்டு வாசலிலேயே ஆயில் மாற்றினேன்.

வண்டியின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண்கூட இடமில்லை. ஜாக்கியில் தூக்கிவிட்டுக் குனிந்தபோது பக்கத்து வீட்டு அக்கா சத்தம் போட்டார்: "அண்ணாச்சி, ஜாக்கியை மட்டும் நம்பி உள்ள போகாதீங்க!" அவர் பட்டாசு ஆலையில் வெடிமருந்து அறைக்காரர். இரும்புச் சாமானுக்கே இடமில்லாத அறையில் வேலை பார்ப்பவரின் கண்ணுக்கு ஆபத்து முன்கூட்டியே தெரிகிறது. ஜாக் ஸ்டாண்ட் இரண்டும் முட்டுக்கொடுத்து, பின் சக்கரங்களுக்குக் கல் வைத்த பிறகே படுத்தேன். இந்த வேலைக்கு முதலில் வாங்க வேண்டியது அந்த ஸ்டாண்டுகளைத்தான். ஸ்பேனர்கூட அதற்குப் பிறகுதான்.

இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டால் ஆயில் இளகி, அழுக்கையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். அதற்கு மேல் சூடேற்றினால் கை வெந்துவிடும். போன முறை ஒரு பட்டறையில் ட்ரெயின் போல்ட்டை வெறிகொண்டு முறுக்கியிருந்தார்கள். அதைக் கழற்றவே அரைமணி நேரம் ஆனது. இப்படி இறுக்கினால் அலுமினிய மரை தேய்ந்து போகும். நான் புது வாஷர் போட்டு, அளவாக இறுக்கினேன். ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் புது ஆயில் தடவி, வளையம் இன்ஜினைத் தொட்டபின் முக்கால் சுற்று திருகினேன். கையால் திருகியதே போதும்.

ஃபில்டரோடு சேர்த்து இந்த இன்ஜின் 3.1 லிட்டர் பிடிக்கும். மூன்று லிட்டருக்குச் சற்றுக் குறைய 5டபிள்யூ-30 ஊற்றி, இன்ஜினை ஒரு நிமிடம் ஓட்டி அணைத்து, ஆயில் கீழே இறங்கியதும் டிப்ஸ்டிக்கைப் பார்த்து மிச்சத்தைச் சேர்த்தேன். கூலியில் சில நூறு ரூபாய் மிச்சம். அதற்காக மட்டும் என்றால் இதைச் செய்ய வேண்டாம். எந்த ஆயில், எவ்வளவு, போல்ட் எந்த நிலையில் இருக்கிறது என்பதெல்லாம் நமக்கே தெரியும் என்பதற்காகச் செய்யலாம்.

சட்டியில் கறுப்பாகக் கிடந்த பழைய ஆயிலுக்கு உடனே ஆள் வந்துவிட்டது. கரையானுக்குக் கதவில் அடிக்க ஒருவர் கேட்டார், சென்ட்ரிங் பலகைக்குத் தடவக் கொத்தனார் கேட்டார். இருவருக்கும் கொடுக்கவில்லை. கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். சிந்தும் எண்ணெய் அந்த வெடிப்பு வழியே நேராகக் கீழே போகும். ஒரு பெருமழை பெய்தால் மேலே கிடப்பது கண்மாய்க்குப் போகும். அந்தத் தண்ணீரைத்தான் ஆடும் மாடும் குடிக்கின்றன. பழைய ஆயில் அபாயக் கழிவு என்பது சட்டம். 2024 ஏப்ரல் 1 முதல் அதன் மறுசுழற்சிக்கான பொறுப்பு ஆயில் நிறுவனங்கள் மேலும் வந்திருக்கிறது. ஆனால் கிராமத்து வாசலுக்கு அதை வாங்க யாரும் வருவதில்லை, வர வேண்டும். வரும்வரை, ஆயில் வந்த கேனிலேயே திருப்பி ஊற்றி மூடி, சாத்தூரில் கழிவு எண்ணெய் சேர்க்கும் பட்டறையில் கொடுத்துவிடுகிறேன். ஃபில்டரையும் ஒரு இரவு கவிழ்த்து வடியவிட்டு அதோடு சேர்த்துவிடுவேன்.

அன்றிரவு வண்டிக்கு அடியில் பட்டாசுப் பெட்டி அட்டை ஒன்றைப் பிரித்துப் போட்டுவைத்தேன். காலையில் எடுத்துப் பார்த்தால் ஒரு சொட்டுக் கறை இல்லை.