சூசையப்பர் தூங்குகிறார், அவள் வரைகிறாள்

பழைய மேதைகளின் ஓவியம் ஒன்றை எடுத்து, அதில் இருக்கும் ஆளை மட்டும் மாற்றி வரைவது இன்றைக்கு ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. ராஜா இருந்த இடத்தில் தெருவில் போகிறவர், தேவதூதர் இருந்த இடத்தில் பக்கத்து வீட்டுப் பையன். பார்த்ததும் புரிந்துவிடும், புரிந்ததும் அடுத்த படத்துக்குப் போய்விடலாம். இந்த வகைப் படங்கள் மேல் எனக்குள்ள சந்தேகமே அதுதான். ஆளை மாற்றினால் போதுமா? கதையை யார் பக்கம் நின்று சொல்கிறோம் என்பது மாற வேண்டாமா?

இந்தக் கேள்வியோடு பவுலா ரெகோவின் (1935–2022) சில படங்களைப் பார்க்கலாம். லிஸ்பனில் பிறந்தவர். சலாசாரின் சர்வாதிகாரமும் கத்தோலிக்க ஒழுக்கமும் சேர்ந்து பெண்களை அடக்கி வைத்திருந்த போர்ச்சுகலில் வளர்ந்தவர். 1952இல் லண்டன் ஸ்லேட் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். 1990இல் லண்டன் நேஷனல் கேலரி 'இணை ஓவியர்' என்ற திட்டத்தைத் தொடங்கியபோது முதலில் அழைத்தது இவரைத்தான். அங்கேயே ஸ்டுடியோ கொடுத்து, எங்கள் சேகரிப்பைப் பார்த்து வரையுங்கள் என்றார்கள். அந்தச் சேகரிப்போ ஏறக்குறைய முழுக்க ஆண்கள் வரைந்தது. சம்மதிக்க அவர் முதலில் தயங்கியதில் ஆச்சரியமில்லை.

அங்கே பிலிப் த ஷாம்பேன் என்ற 17ஆம் நூற்றாண்டு ஓவியர் வரைந்த 'சூசையப்பரின் கனவு' இருக்கிறது. கதை மத்தேயு நற்செய்தியில் வருவது. நிச்சயமான பெண் கர்ப்பமாக இருக்கிறாள் என்று தெரிந்ததும், சூசையப்பர் அவளைச் சத்தமில்லாமல் விலக்கிவிட நினைக்கிறார். கனவில் தேவதூதர் வந்து, பயப்படாமல் அவளை ஏற்றுக்கொள் என்கிறார். ஷாம்பேனின் படத்தில் அவர் நாற்காலியில் அயர்ந்து தூங்குகிறார், தரையில் தச்சுக் கருவிகள், மேலே தூதர். மரியாள் பின்னால் ஜெபத்தில் இருக்கிறாள்.

அழகான படம். ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பேச்சு முழுக்க அவள் வயிற்றைப் பற்றியது. சேதி வருவதோ அவருக்கு. அவள் பின்னணியில் இருக்கிறாள்.

ரெகோ 1990இல் அக்ரிலிக்கில் வரைந்த படத்துக்கும் அதே தலைப்புதான். அதிலும் ஒரு கிழவர் நாற்காலியில் தூங்குகிறார். அவரைப் பார்த்து ஒரு பெண் வரைந்துகொண்டிருக்கிறாள். நல்ல அகன்ற உடம்பு, அசைக்க முடியாதபடி உட்கார்ந்திருக்கிறாள். ஓவியர் ஆண், மாடல் பெண் என்ற பழைய ஏற்பாடு தலைகீழாகிவிட்டது என்று சொல்லி முடித்துவிடலாம். நிறையப் பேர் அதோடு முடித்துக்கொள்கிறார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. தூங்குகிற மனிதரைப் பார்த்து வரையலாம். அவர் காணும் கனவைப் பார்த்து வரைய முடியாது. தூதரை யாரும் மாடலாக உட்கார வைக்கவும் முடியாது. அதை அவள்தான் தன் மனசிலிருந்து எடுத்துப் போட வேண்டும். ஆக, தரிசனம் இப்போது தூங்குகிறவரிடம் இல்லை, முழித்திருந்து வேலை செய்கிறவளிடம் இருக்கிறது. மரியாளைப் பின்னணியிலிருந்து முன்னால் கொண்டுவந்ததோடு ரெகோ நிற்கவில்லை. கையில் வேலையையும் கொடுத்துவிட்டார். ஆளை மாற்றுவதற்கும் கதையை மாற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

அந்தக் கிழவரை அவர் கேலி செய்யவும் இல்லை. ரெகோவின் கணவர் விக்டர் வில்லிங், அவரும் ஓவியர், நீண்ட நோய்க்குப் பிறகு 1988இல் இறந்தார். நாற்காலியில் இருப்பவர் வில்லிங்தான் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் சோர்ந்து கிடக்கும் ஓர் ஆணைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு என்னென்ன தோன்றும் என்று இந்தப் படத்துக்குத் தெரிந்திருக்கிறது. பாசமும் உண்டு, அதிகாரமும் உண்டு.

அதே காலத்தில் கேலரியின் உணவகத்துக்காக அவர் வரைந்தது 'க்ரிவெல்லியின் தோட்டம்' (1990–91). கார்லோ க்ரிவெல்லியின் பீட ஓவியம் ஒன்றின் அடிப்பலகையில் உள்ள சின்னச் சின்னக் காட்சிகளிலிருந்து கிளம்பிய மிக நீளமான படம் அது. மகதலா மரியாள், கத்தரீன், யூதித், தெலீலாள், ஒருவரையொருவர் சந்திக்கும் மரியாளும் எலிசபெத்தும் என்று பெண்கள் கூட்டம். கேலரி ஊழியர்களே பலருக்கு மாடல்கள். பின்னால் போர்ச்சுகலின் நீல ஓட்டுச் சித்திரங்கள். எல்லாரும் கொண்டாடும் இந்தப் படத்தில் எனக்குக் கொஞ்சம் குறை உண்டு. கதைகள் அதிகம், ஒன்றின் சூட்டை இன்னொன்று தணித்துவிடுகிறது. தலை வெட்டிய யூதித்தும் அந்த நீலத்தில் அமைதியாகிவிடுகிறாள். சாப்பிடுகிறவர்கள் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

நிம்மதியாகப் பார்க்க முடியாத படங்கள் 1998க்குப் பிறகு வந்தன. அந்த ஜூனில் கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கலாமா என்று போர்ச்சுகலில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. 'வேண்டாம்' மயிரிழையில் வென்றது. வாக்களிக்க வந்தவர்களே மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கோபத்தில் ரெகோ பேஸ்டலில் ஒரு தொடர் வரைந்தார். திருட்டுத்தனமாகக் கருவைக் கலைத்துக்கொண்ட பெண்கள், வாளி, பேசின், சாதாரணக் கட்டில். ரத்தம் காட்டவில்லை. ஒருத்தி பள்ளிச் சீருடையில் இருக்கிறாள். சிலர் நம்மை நேராகப் பார்க்கிறார்கள். இவற்றுக்குத் தலைப்பும் வைக்கவில்லை.

எந்தப் பழைய ஓவியத்தின் நகலும் இல்லை இது. ஆனாலும் நேஷனல் கேலரியில் கற்றதெல்லாம் இங்கேதான் இருக்கிறது என்பேன். வேதசாட்சிகளின் உடம்புக்கு அந்த ஓவியர்கள் கொடுத்த கனம், வலியிலும் குலையாத கௌரவம், இரண்டையும் எடுத்துச் சட்டம் குற்றவாளி என்று சொன்ன பெண்களுக்குக் கொடுத்துவிட்டார். 1999இல் லிஸ்பனிலேயே காட்சிக்கு வைத்தார்கள். 2007இல் இரண்டாவது வாக்கெடுப்பு, இந்த முறை 'வேண்டும்' வென்றது. ஓவியத்தால் சட்டம் மாறியது என்று நான் சொல்ல மாட்டேன். மறைவாக நடந்ததை எல்லாரும் பார்க்கும்படி வைத்தது ஒன்றும் சின்ன வேலை இல்லை, அவ்வளவுதான்.

இதே ரெகோவைத்தான் போர்ச்சுகல் ஜனாதிபதி 2002இல் தன் பெலேம் மாளிகைச் சிற்றாலயத்துக்கு மாதாவின் வாழ்க்கையை வரையக் கூப்பிட்டார். எட்டுச் சிறிய பேஸ்டல்கள். பிறப்புக் காட்சியில் மரியாளுக்குப் பிரசவ வலி. தூதர் சேதி சொல்லவில்லை, மருத்துவச்சி மாதிரி அவளைத் தாங்கிப் பிடித்திருக்கிறார். நூற்றாண்டுகளாகச் சுத்தமான வைக்கோலில் மண்டியிட்டு, குழந்தையைக் கும்பிட்டுக்கொண்டிருந்த பெண்ணுக்கு இங்கேதான் இடுப்பு வலிக்கிறது. இதை நிந்தனையாக நான் பார்க்கவில்லை. கதையை நம்பினால் வலியையும் நம்பித்தானே ஆக வேண்டும்?

அதனால் இப்படிப்பட்ட படம் ஒன்று எதிரில் வந்தால் நான் கேட்பது ஒரே கேள்விதான்: பழைய படத்தில் பின்னால் நின்றவருக்கு இதில் வேலை ஏதாவது கிடைத்திருக்கிறதா? இல்லை, சட்டை மட்டும்தான் மாறியிருக்கிறதா?