ப்ளர்: எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது

வீடியோ எடிட்டிங்கில் ப்ளர் என்பது ஒவ்வொரு பிக்சலையும் அதன் அக்கம்பக்கத்துப் பிக்சல்களோடு கலந்து சராசரியாக்கும் வேலை. சுற்றியுள்ள எல்லாவற்றுக்கும் சமப் பங்கு கொடுத்தால் அது பாக்ஸ் ப்ளர். அதில் ஒரு சிறு ஒளிப்புள்ளி சதுரமாகப் பரவி, கணினியின் கைவரிசையைக் காட்டிக்கொடுத்துவிடும். அருகில் உள்ளவற்றுக்கு அதிகப் பங்கும் தள்ளிப்போகப் போகக் குறைந்த பங்கும் கொடுப்பது காஸியன் ப்ளர். வழவழப்பு அங்கிருந்துதான் வருகிறது. 50 பிக்சல் ஆரத்துக்கு நேரடியாகக் கணக்கிட்டால் ஒரு பிக்சலுக்கு 101-ஐ 101-ஆல் பெருக்கி 10,201 மதிப்புகளைப் பார்க்க வேண்டும். காஸியனைக் கிடையாக ஒருமுறை, செங்குத்தாக ஒருமுறை என்று பிரித்துச் செய்ய முடிவதால் 202 போதும். பாக்ஸ் ப்ளரையே மூன்று முறை அடுத்தடுத்துப் போட்டாலும் ஏறத்தாழ அதே வழவழப்பு கிடைக்கும். இவ்வளவு மலிவாக முடிவதால்தான் செய்தி சேனல் முதல் கல்யாண வீடியோ வரை எல்லோரும் அதைத் தயங்காமல் போடுகிறார்கள். தயக்கம் தேவைப்படும் இடங்களும் இருக்கின்றன.

முதல் இடம், நிமிர்த்திப் பிடித்த செல்போனில் எடுத்த வீடியோ. 1920-க்கு 1080 அளவுள்ள டிவி ஃபிரேமில் 9:16 காட்சியை முழு உயரத்துக்கு வைத்தால் அது சுமார் 608 பிக்சல் அகலத்தையே நிரப்பும். மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் திரை காலி. அதே காட்சியை 3.16 மடங்கு பெரிதாக்கி, ப்ளர் போட்டுப் பின்னால் வைப்பது இன்று வழக்கமாகிவிட்ட தீர்வு. கறுப்புப் பட்டையைவிட இது கண்ணுக்கு இதம்; நடுக்காட்சியின் நிறமே பக்கங்களிலும் படர்வதால் திரை துண்டுபட்டுத் தெரிவதில்லை.

ஆனால் மயிலாப்பூர் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள், அறுபத்துமூவர் பவனியை யாரோ கையை உயர்த்திப் பிடித்து எடுத்த வீடியோவை எண்ணிப் பார்க்கலாம். கபாலீசுவரர் கோபுரத்துக்கும் பல்லக்குக்கும் நெட்டை ஃபிரேம் பொருத்தமானதே. பக்கங்களில் வருவதோ அதே காட்சியின் நடுப்பகுதியிலிருந்து வெட்டி எடுத்த இரண்டு ஓரங்கள்: இடப்பக்கம் ஒரு மாடிவீட்டுச் சுவர், வலப்பக்கம் வானம், இரண்டிலும் அசையும் வண்ணத் திட்டுகள். எடுத்தவரின் கை நடுங்கினால் அந்த நடுக்கம் பின்னணியில் மூன்று மடங்காகத் தெரியும். கண் பல்லக்கை விட்டு ஓரத்துக்கு ஓடும். மாடவீதிக் கூட்டத்தின் அகலம் எப்படியும் அந்த வீடியோவில் இல்லை. இருப்பதுபோல ஒரு நிரவல் மட்டுமே கிடைக்கிறது. பின்னணியை ஒரே ஃபிரேமில் நிறுத்தி, வெளிச்சத்தையும் நிறச்செறிவையும் பாதியாகக் குறைத்தால் இந்தக் குறை பெரிதும் தீரும். ஒரு நிமிட வேலை, பலரும் செய்வதில்லை.

இரண்டாவது இடம், பின்னணியை மங்கவைத்து ஆளை முன்னிறுத்துவது. தி. நகர் கல்யாண மண்டபங்களில் எடுக்கும் வீடியோக்களில் இது அன்றாடம். லென்ஸ் உண்டாக்கும் அவுட் ஆஃப் ஃபோகஸில் ஒவ்வொரு ஒளிப்புள்ளியும் ஓரம் தெளிவான வட்டமாக விரியும். காஸியன் ப்ளரில் அது பஞ்சுபோலக் கரைந்துவிடும். குத்துவிளக்குச் சுடர் இருக்கும் காட்சியில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். வீடியோவில் பதிவாகும் எண்கள் ஒளியின் அளவுக்கு நேர் விகிதத்தில் இல்லாததே இதற்கு இன்னொரு காரணம். முழு வெள்ளையையும் (255) முழுக் கறுப்பையும் (0) அப்படியே சராசரியாக்கினால் 128 வரும். ஒளியின் கணக்கில் பாதி என்பதோ சுமார் 188. எனவே சாதாரண முறையில் போடும் ப்ளர் சுடரை மங்கச் செய்து அழுக்காக்குகிறது. லீனியர் ஒளியில் கணக்கிடும் வசதியை இயக்கிவிட்டால் சுடர் சுடராகவே பரவும்.

செல்போனே பின்னணியை மங்கச் செய்யும்போது வேறு சிக்கல். 2021-இல் ஐஃபோன் 13-உடன் வந்த சினிமாட்டிக் மோடு போன்றவை ஆழத்தை ஊகித்தே ஆளைப் பின்னணியிலிருந்து பிரிக்கின்றன. மணப்பெண்ணின் மல்லிகைச் சரத்து ஓரமும் ஜிமிக்கிக்கு நடுவே உள்ள இடைவெளியும் அந்த ஊகத்துக்குப் பிடிபடுவதில்லை. சரத்தில் நாலு பூ தெளிவாகவும் நாலு பூ கரைந்தும் நிற்கும்.

பெசன்ட் நகர் கடற்கரையின் விடியல் வானத்தில் ப்ளர் போட்டால் இன்னொரு குறை வெளிப்படும். 8-பிட் வீடியோவில் ஒரு நிறத்துக்கு 256 படிகளே உண்டு. ப்ளர் கேமராவின் இயல்பான கிரெயினை (நுண்ணிய சொரசொரப்பை) அழித்துவிடுவதால் அந்தப் படிகள் பட்டை பட்டையாகத் தெரியத் தொடங்கும். இணையத்தில் ஏற்றும்போது அழுத்தப்படுவது அதை இன்னும் கூட்டும். 1,024 படிகள் உள்ள 10-பிட்டில் வேலை செய்து, கடைசியில் கொஞ்சம் கிரெயின் சேர்ப்பதே மருந்து. வழவழப்பு நிலைக்க அதன்மேல் சிறிது சொரசொரப்பு வேண்டியிருக்கிறது.

இதுவரை சொன்னவை அழகின் குறைகள். மூன்றாவது இடத்தில் மனிதரின் பாதுகாப்பே இருக்கிறது. பாதிக்கப்பட்டவரின் முகத்தை மறைக்கவும் அதே ப்ளர்தான் பயன்படுகிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், பிரிவு 23, குழந்தையின் பெயர், முகவரி, புகைப்படத்தோடு குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி எதையும் ஊடகம் வெளியிடக் கூடாது என்கிறது. முகத்தில் வட்ட ப்ளர் போட்டுவிட்டு, பின்னால் அடையாறின் ஒரு தெருப் பலகையையோ பள்ளிச் சீருடையையோ தெளிவாக விட்டால் சட்டம் காக்கச் சொன்னது காக்கப்படவில்லை. ஆள் தலையைத் திருப்பும்போது அந்த ப்ளர் வட்டம் ஒரு ஃபிரேம் பின்தங்கினால், 25 ஃபிரேம் வீடியோவில் அது 40 மில்லி விநாடி. டிவியில் யாரும் கவனிக்கமாட்டார்கள். இணையத்தில் நிறுத்திப் பார்க்க ஒருவர் போதும்.

ப்ளர் முகத்தை அழிப்பதில்லை, கலக்கிவைக்கிறது. லேசாகக் கலக்கியதில் மூக்கு, நெற்றி, தாடையின் விகிதம் மிஞ்சியே இருக்கும். மெக்ஃபெர்சன், ஷோக்ரி, ஷ்மாட்டிகோவ் ஆகியோர் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், மொசைக் போட்ட முகங்களையும் யூடியூபின் ப்ளர் வசதியால் மறைத்த முகங்களையும் கணினியைப் பயிற்றுவித்து அடையாளம் காண முடிந்தது. நகரும் வீடியோவில் ஒரே முகம் நூற்றுக்கணக்கான ஃபிரேம்களில் வருவதால் கசிவதற்கு வாய்ப்பு இன்னும் அதிகம். மென்மையான ப்ளர் பார்ப்பவருக்கு நாகரிகமாகத் தெரிவதே இங்கு ஆபத்து. மறைத்தாயிற்று என்ற நிம்மதியில் எடிட்டர் அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறார்.

திரையை நிரப்பவும் கண்ணை வழிநடத்தவும் ப்ளர் நல்ல கருவி. அடையாளத்தைக் காக்க அதை நம்பக் கூடாது. அங்கே முகத்தின்மேல் ஒளி ஊடுருவாத ஒரே நிறத் திட்டு வைக்க வேண்டும், குரலை மாற்ற வேண்டும், பின்னணியை வெட்ட வேண்டும். முகமே வராமல் கைகளை மட்டும் எடுத்துவருவது எல்லாவற்றிலும் மேல்.