ஜப்பானிய மொழியில் மூவிடப் பெயர்கள்

மூவிடப் பெயர்களுக்கு இலக்கணம் எழுதுவோர் அவற்றை ஒரு கட்டத்துள் அடக்கிக் காட்டுதல் வழக்கம். மேலிருந்து கீழாகத் தன்மை, முன்னிலை, படர்க்கை என்றும், இடமிருந்து வலமாக ஒருமை, பன்மை என்றும் கோடு கிழித்து, அறைதோறும் ஒரு சொல்லை இட்டால் பணி முடிந்தது. இலத்தீனுக்கும் ஆங்கிலத்திற்கும் இம்முறை பொருந்தும். யாம், நாம் என்னும் வேறுபாட்டிற்கு ஓர் அறை கூட்டினால் தமிழுக்கும் பெரும்பாலும் பொருந்தும். ஜப்பானிய மொழியைப் பிறமொழியார்க்குக் கற்பிக்க எழுந்த நூல்கள் பலவும் இக்கட்டத்தையே மேற்கொண்டன. வத்தஷி என்பது நான், அனத்தா என்பது நீங்கள், கரெ என்பது அவன், கனொஜொ என்பது அவள் என முதற்பாடங்களிலேயே மாணாக்கன் உருப்போடுகின்றான். அம்மொழியில் அவன் பின்னர்ச் செய்யும் பிழைகளுட் பல இக்கட்டத்திலிருந்தே பிறக்கின்றன என்பது எம் கருத்து.

யாமும் அவ்வாறே கற்றோம். சில பாடங்களை முடித்த ஊக்கத்தில், எமக்குக் கற்பித்த முதிய அம்மையாரை நோக்கி, அனத்தா என்னும் சொல்லை முதலில் வைத்து, பிறந்த ஊர் யாது என வினவினோம். தொடரில் வழு யாதும் இல்லை. அம்மையார் விடை கூறினார். கூறுமுன் ஒரு கணம் தயங்கினார். அத்தயக்கத்தின் பொருள் எமக்குப் பல திங்கள் கழித்தே விளங்கிற்று. ஆசிரியரை அனத்தா என்பது தமிழில் ஆசிரியரை 'நீர்' என்பதை ஒக்கும். வசை அன்று, ஆயினும் செவியை உறுத்தும். 'சென்செய்' என்னும் பெயரால் அவரைக் குறித்திருத்தல் வேண்டும். அதனினும் செவ்விது, எப்பெயரும் கூறாது, வினையை மட்டும் உயர்வுபடுத்தி வினவுதல். பாடநூல் எமக்கு ஒரு சொல்லைத் தந்தது. அச்சொல்லை எங்கே சொல்லாதிருத்தல் வேண்டும் என்பதைத் தரவில்லை.

இச்சொற்களின் பிறப்பை நோக்கின் இந்நிலைக்குக் காரணம் புலனாகும். வத்தக்குஷி என்பதன் பழம்பொருள் 'தனக்குரியது', அஃதாவது பொதுவுக்கு மறுதலை. அதன் குறுக்கமே வத்தஷி. ஆடவர் தம்மைச் சுட்டும் பொக்கு என்பது ஏவலாளைக் குறித்த சீனவழிச் சொல். நம் 'அடியேன்' இதற்கு நேர். அனத்தா என்பது 'அப்பால்' என இடஞ்சுட்டிய சொல். எதிரில் நிற்பாரை நேரே சுட்டுதற்கு அஞ்சி, அவர் நிற்கும் திசையைச் சுட்டியதால் எழுந்தது அது. ஒமயெ என்பது 'திருமுன்'; கடவுளர்க்கும் பெருமக்கட்கும் உரியதாய் இருந்தது. கிஸம என்பது எடோக் காலத் தொடக்கத்தில் மறவர்தம் மடல்களில் உயர்வு குறித்து வழங்கியது. இன்றோ, ஒமயெ நெருங்கிய நண்பரிடத்தும் தாழ்ந்தாரிடத்தும் மட்டும் செல்லும். கிஸம என்பது முழு வசைச்சொல். கிமி என்னும் சொல் தலைவனைக் குறித்தது. அந்நாட்டுப் பண்ணாகிய கிமிகயோவில் அது மன்னரையே குறிக்க, அலுவலகத்தில் மேலாளர் இளைய ஊழியரை அழைப்பதும் அதே கிமியால்.

உயர்வு குறித்து வந்த சொல் தேய்ந்து இழிவு குறித்தல் தமிழுக்கும் புதிதன்று. பன்மையாய் இருந்த 'நீர்' ஒருமைக்கண் உயர்வுச் சொல்லாகி, பின்னர் மதிப்புக் குன்றி, 'நீங்கள்' என்பதற்கு இடம் விட்டது. ஒருவரைப் பன்மையாற் கூறுதல் வழக்கில் வந்த உயர்சொல்லே அன்றி இலக்கணநெறி ஆகாது எனத் தொல்காப்பியர் வரைந்து காட்டியதை ஈண்டு நினைதல் தகும். அவர் அவ்வாறு பிரித்துக் கூற இயன்றது, தமிழில் நீ என்னும் அடிச்சொல் எத்துணை வழக்கு மாறினும் நிலைபெயராது நின்றமையால். ஜப்பானியத்தில் அத்தகைய அடிச்சொல் இன்று பேச்சில் இல்லை. அங்கு வழக்கே இலக்கணம். உயர்சொற் கிளவியை நீக்கிவிட்டால் முன்னிலைக்கு எஞ்சுவது ஒன்றுமில்லை.

இக்குறையை அரசே நீக்க முயன்றதும் உண்டு. 1952 ஏப்ரலில் அந்நாட்டுத் தேசிய மொழிக்குழு, இனி வழங்க வேண்டிய உயர்வுமொழி பற்றி ஓர் அறிக்கை அளித்தது. தன்மைக்கு வத்தஷியும் முன்னிலைக்கு அனத்தாவும் பொதுவடிவங்களாதல் வேண்டும். பொக்கு ஆண்மாணாக்கர் சொல்லாதலின், சமுதாயத்துட் புகுந்தபின் வத்தஷிக்கு மாறுமாறு கல்வியில் கவனம் செலுத்துதல் வேண்டும் என்பன அதன் கூற்றுகள். போருக்குப் பிந்திய குடியாட்சி வேட்கை அதனுள் தெரிகின்றது, நோக்கம் நன்றே. ஆயின் பொக்கு முதியோர் வாயிலும் நிலைத்தது. அனத்தாவோ விளம்பரங்களிலும் வினாப்படிவங்களிலும் முகமறியாரைச் சுட்டவும், மனைவி கணவனை அழைக்கவும், ஒத்தாரும் தாழ்ந்தாருமாகிய சிலரிடத்தும் பயில்கின்றதேயன்றி, உயர்ந்தோரிடம் செல்லும் தகுதியைப் பெறவே இல்லை. பாடநூற் கட்டம் காட்டும் அனத்தா, மக்கள் வாயில் உள்ள அனத்தா அன்று. 1952இல் ஒரு குழு விரும்பிய அனத்தா.

தக்காவோ சுசுக்கி 1973இல் வெளியிட்ட மொழியும் பண்பாடும் பற்றிய நூல் இக்கட்டத்தை உடைத்தது. தன்னைச் சுட்டும் சொல், எதிராளியைச் சுட்டும் சொல் என்றே பகுத்து, அவற்றுள் உறவுப்பெயர்களையும் தொழிற்பெயர்களையும் ஒருங்கே அடக்கினார் அவர். தந்தை மகனிடம் தன்னை 'அப்பா' என்றும், ஆசிரியர் சிறாரிடம் தம்மைச் 'சென்செய்' என்றும் கூறுவர். தாய் தன் மூத்த மகனை, இளையவன் நோக்கில் நின்று, 'அண்ணா' என்பாள். மூத்தோரை உறவுப்பெயரால் அழைக்கலாம். இளையோரை 'தம்பி' என்னும் பொருள்படும் சொல்லால் அழைத்தல் ஆகாது. இக்கடைசி விதி நமக்கு வியப்பளிக்கும். நாம் தம்பி என்று தாராளமாக அழைக்கின்றோம். ஏனையவை நம் இல்லங்களில் நாள்தோறும் கேட்பனவே.

ஆயின் இவ்வொப்புமை ஓரெல்லைக்கு மேல் செல்லாது. "அப்பா சொல்கிறேன், கேள்" என்பான் தமிழ்த் தந்தை. பெயர் படர்க்கையாயினும் வினையின் ஏன் ஈறு அவன் தன்னையே குறிக்கின்றான் எனக் காட்டிவிடும். ஜப்பானிய வினைக்கு இடங்காட்டும் ஈறு இல்லை. அப்பா என்றது தன்னையோ, வேறொருவரின் தந்தையையோ என்பதைச் சூழலே உணர்த்துதல் வேண்டும். தமிழர் அம்மொழியைக் கற்கையில் வழுக்கி விழும் இடம் இதுவே. நம் மொழியில் எழுவாய் தோன்றாது நிற்றல் இயல்பாதலின், ஜப்பானியரும் நம்மைப் போலவே எழுவாயை விடுகின்றனர் எனக் கருதி மகிழ்கின்றோம். வந்தேன் என்பதில் யான் மறைந்துள்ளது. கித்த என்னும் ஜப்பானிய வினையில் யானும் இல்லை, நீயும் இல்லை, அவனும் இல்லை. வருதலின் முடிவு மட்டுமே உளது. (தமிழும் ஜப்பானியமும் உறவுடையன என ஒனோ சுசுமு பல்லாண்டு வாதிட்டார், மொழியியலார் பெரும்பாலோர் ஏற்றிலர். அவ்வழக்கிற்கு மூவிடப் பெயர்கள் நற்சான்று ஆகா என்பதை மட்டும் குறித்து அமைவோம்.)

அங்ஙனமாயின் இன்னார் என உணர்வது எவ்வாறு? உயர்வுவினை வரின் எழுவாய் தான் ஆகான். பணிவுவினை வரின் தானோ தன்னைச் சார்ந்தாரோ ஆவர். குளிர், வேட்கை முதலிய உள்ளத்து உணர்வுகளை நேரே கூறும் சொற்கள் கூற்றுத்தொடரில் பேசுவோனுக்கே உரியன. குளிர்கின்றது எனப் பொருள்படும் சமுயி என்பதைப் பிறர்க்கு ஏற்ற வேண்டின், குளிர்வதுபோல் தோன்றுகின்றது, குளிர்வதாகக் காட்டுகின்றார் என வேறு வாய்பாடு வேண்டும். பிறர் நெஞ்சினுள் புகுந்து பேச அம்மொழி இசையாது. எனினும் இவை யாவற்றினும் சிறந்த திறவுகோல் கொடைவினைகளே. பிறர் எனக்கோ என்னவர்க்கோ தருவது குரெரு; யான் பிறர்க்குக் கொடுப்பது அகெரு. உயர்ந்தோர் எமக்குத் தரின் குதஸரு, யாம் உயர்ந்தோர்க்கு அளிப்பின் ஸஷியகெரு, விலங்கிற்கும் செடிக்கும் இடுவது யரு. 'புத்தகம், குரெத்த' என்ற அளவில் எனக்கு ஒருவர் தந்தார் என்பது தெளிவு. எனக்கு என்னும் சொல் மிகை.

தமிழ் மாணாக்கர்க்கு இது புதுமையன்று என்பதே யாம் வலியுறுத்த விரும்புவது. தரு, வரு என்னும் இருசொல்லும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியன, செலவும் கொடையும் படர்க்கைக்கு உரியன எனக் கிளவியாக்கத்துள் வகுத்தவர் தொல்காப்பியர். ஈ, தா, கொடு என்னும் மூன்றும் முறையே இழிந்தோன், ஒப்போன், உயர்ந்தோன் ஆகிய இரப்போர்க்கு உரியவை என எச்சவியலுள் நிறுத்தியவரும் அவரே. இடமும் தகுதியும் வினைக்கண்ணே உறையும் என்னும் இக்கருத்தைப் பயின்றவர்க்கு ஆங்கிலக் கட்டத்தின் துணை எதற்கு? வேறுபாடு ஒன்றுண்டு, அதனையும் காணல் வேண்டும். தொல்காப்பியர் தன்மையையும் முன்னிலையையும் ஒருபுறம் வைத்தார்; ஜப்பானியர் முன்னிலையைப் படர்க்கையொடு சேர்த்து அப்புறம் தள்ளினர். ஒருவர் அழைக்க, "இதோ வருகின்றேன்" என்போம் நாம். அவர்கள் 'செல்கின்றேன்' என்பர். உனக்குத் தருவேன் என்னும் நம் தொடர்க்கும் அங்கே குரெரு வாராது, அகெருவே வரும். எமக்கு மிக வருந்திக் கைவந்த பாடம் இது. பேசுவோனும் அவனைச் சார்ந்தாரும் ஒருபுறம், உலகம் முழுதும் மற்றொருபுறம் என்பதே அவர்தம் முதற் பிரிவு. யாம், நாம் என்னும் நம் வேறுபாட்டை அவர்தம் பன்மைப் பெயர்கள் பொதுவாகக் காட்டா. ஆயினும் வத்தக்குஷிதொமொ என்னும் பணிவுப்பன்மை, கேட்போரை விலக்கி, நம் 'யாம்' போல் நிற்கும்.

இவற்றையெல்லாம் கண்டோர் சிலர், ஜப்பானியத்தில் மூவிடப் பெயரே இல்லை, உள்ளவை வெறும் பெயர்ச்சொற்கள் என முடிபு கூறுவர். நேற்றைய வத்தஷி, சிறிய பொக்கு என அடைபெற்று வருதலைச் சான்றாக்குவர். அடைபெறுதல் உண்மையே. எனினும் வெறும் பெயராயின் ஒன்றிற்கு மாற்றாக மற்றொன்றை வழங்கினும் கேட்போர் உள்ளம் திடுக்கிடாது. பொக்கு என்று பேசிவந்த சிறுவன் ஒருநாள் ஒரெ எனத் தொடங்கின், இல்லத்தார் அவனை நிமிர்ந்து நோக்குவர். தன்னை யார் என அவன் கொள்கின்றான் என்பது அச்சொல்லில் உள்ளது. ஆதலின், இல்லை என்னும் கூற்றும் கட்டம் போலவே மிகைபடக் கூறலாம்.

இதன் பயன் இலக்கியத்திற் பெரிது. நத்சுமே சோசெகியின் மூன்று புதினங்களை நோக்குக. 1905இல் தொடங்கிய பூனைக்கதையில் பெயரற்ற பூனை தன்னை வகஹாய் என்னும் பெருமிதச் சொல்லாற் குறிக்கும். 1906இல் வந்த பொத்சானில், சிற்றூர்ப் பள்ளிக்குக் கணக்காசிரியனாய்ச் செல்லும் தோக்கியோ இளைஞன் ஒரெ என்கின்றான். 1914இல் வந்த கொக்கொரொவில் கதைகூறுவோர் இருவரும் வத்தக்குஷி. ஆங்கிலத்தில் மூன்றும் ஒரே சொல். அதன் வழியே வரும் தமிழிலும் மூன்றும் 'நான்'. ஹருக்கி முரக்காமி 1985இல் வெளியிட்ட புதினமொன்றில் இரு கதைகள் மாறிமாறி வர, ஒன்றின் கூற்றாளன் வத்தஷி, மற்றவன் பொக்கு. ஆங்கிலத்தில் பெயர்த்தவர் வேறு வழியின்றி ஒன்றை இறந்தகாலத்தும் மற்றதை நிகழ்காலத்தும் நடத்தினார். அறிவான ஏற்பாடே, ஆயின் அதனைத் தமிழாக்குவோர் அக்காலவேறுபாட்டை ஆசிரியருடையது எனக் கொண்டு பின்பற்றின், ஒரு மொழியின் இயலாமையை மற்றொரு மொழிக்குச் சுமத்தியவர் ஆவர். வகஹாய்க்குத் தமிழில் 'யாம்' உண்டு. அப்பூனைக்கு அது நன்கு பொருந்தும். ஒரெவுக்கு நேர்சொல் இல்லை. அவ்விளைஞனின் முரட்டுத்தன்மையை வினையிலும் தொடரின் குறுமையிலும் காட்டுதலே வழி.

மிகக் கடினமானது கொக்கொரொ. மாணாக்கன் அப்பெரியாரைச் சென்செய் என்றே விளிக்கின்றான். அவரோ உரையாடலிற் சில இடங்களில் அவனைக் கிமி என்கின்றார். நூலின் மூன்றாம் பகுதியாகிய இறுதி மடலில் அவனை அனத்தா என்றே எழுதுகின்றார். மூத்தவர் இளையவர்க்கு எழுதுவதாலும், ஆங்கிலத்தில் எல்லாம் ஒரே முன்னிலைச் சொல்லாய் இருப்பதாலும், தமிழாக்குவோர் கை தானே 'நீ' என எழுதிவிடும். சாகத் துணிந்த ஒருவர், தம் வாழ்வை ஒப்படைக்கும் இளைஞனுக்கு அம்மடலில் அளிக்கும் மதிப்பு அதனால் மறையும். உரையாடலில் கிமி வருமிடத்து 'நீ' எனவும், மடல் முழுதும் 'நீங்கள்' எனவும் பெயர்த்தலே தக்கது என்பது எம் துணிபு.