கிராட்சிற் வீட்டின் நத்தார் அலங்காரம்

சென்ற ஆண்டு நத்தார் விடுமுறைக்கு முன்னர், எமது பாடசாலையின் உயர்தர வகுப்பு மாணவர் டிக்கன்ஸின் ‘எ கிறிஸ்மஸ் கரோல்’ என்னும் கதையின் சில பகுதிகளைத் தமிழில் நாடகமாக்கி மேடையேற்ற முனைந்தனர். ஸ்குரூஜ் என்னும் உலோபியிடம் எழுதுவினைஞனாக ஊழியஞ் செய்யும் பொப் கிராட்சிற்றின் வீட்டில் நடைபெறும் விருந்தே அவற்றுள் முதன்மையானது. மேடையமைப்பைக் கவனிக்கும் பொறுப்பு எம்மைச் சார்ந்தது. மாணவர் சவுக்கமரக் கிளையொன்றை வெட்டிவந்து, அதிற் பஞ்சை ஒட்டி, வர்ணக் கடதாசிச் சங்கிலிகளைச் சுவருக்குச் சுவர் கட்டத் தொடங்கிவிட்டனர். வறிய வீடாயினும் நத்தார் வீடல்லவா என்பது அவர்கள் வாதம். அவ்வாதத்தில் நியாயமிருப்பதாகவே நாமும் கருதினோம். எனினும், எதனைத் தொங்கவிட வேண்டுமென்பதை மூலநூலிலேயே பார்த்துவிடலாமென எண்ணிப் பக்கங்களைப் புரட்டியபொழுதுதான், பன்முறை படித்தும் கவனியாதிருந்த ஒன்று கண்ணிற் பட்டது. விருந்து நடைபெறும் அவ்வறையின் சுவரில் டிக்கன்ஸ் எதனையுமே தொங்கவிடவில்லை.

டிக்கன்ஸ் வர்ணனையிற் சிக்கனம் பிடிப்பவரல்லர். அதே அத்தியாயத்தின் தொடக்கத்தில், நிகழ்கால நத்தாரின் ஆவி தோன்றும் வேளையில், ஸ்குரூஜின் அறை பசுந்தழையால் மூடப்பட்டு ஒரு சோலையாகவே மாறிவிடுகின்றது. ஹொலி, மிசில்ரோ, ஐவி ஆகியவற்றின் இலைகள் தீயொளியைக் கண்ணாடிபோல் எதிரொளிக்கின்றன. வான்கோழி, வாத்து, பழம், புடிங் என உணவு வகைகள் சிங்காசனம்போற் குவிந்து கிடக்கின்றன. ஒரு சதமேனுஞ் செலவிட மனமில்லாதவனின் அறைக்கு இத்துணை அலங்காரம்! அங்கிருந்து கடைத்தெருவுக்கு வந்தால், பழக்கடையையும் பலசரக்குக் கடையையும் பற்றி ஆசிரியர் எழுதியெழுதி ஓய்வதில்லை. கம்டன் ரவுணிலுள்ள கிராட்சிற் வீட்டு வாயிலைத் தாண்டியதும் அப்பேனா கணக்குப் பார்க்கத் தொடங்குகின்றது. வீட்டுக்கு நான்கு அறைகள், வாழ்வோர் எண்மர், பொப்பின் வாரச் சம்பளம் 15 சிலிங். வாத்து வேகுவது பாண்காரனின் போறணையில். புடிங் வேகுவது உடுப்பு அவிக்கும் செப்புக் கிடாரத்தில். காட்சிக்கு வைக்கப்படும் கண்ணாடிப் பாத்திரங்கள் இரண்டு குவளைகளும் பிடியில்லாத ஒரு கிண்ணமுமே. பச்சை என்று சொல்லத்தக்கது, புடிங்கின் உச்சியிற் செருகப்பட்ட ஹொலிக் கொப்பு மாத்திரமே.

சவுக்கமரமோ இன்னும் பொருந்தாதது. 1843 டிசெம்பரில் வெளிவந்த இக்கதையில் நத்தார் மரமே இல்லை. விக்ரோறியா மகாராணியின் குடும்பம் வின்ட்சர் மாளிகையில் மரத்தைச் சூழ நிற்கும் படமொன்றை இலண்டன் படப் பத்திரிகை 1848இல் வெளியிட்ட பின்னரே, ஜெர்மனியிலிருந்து வந்த இவ்வழக்கம் ஆங்கிலேய நடுத்தர வகுப்பார் வீடுகளிற் பெரிதும் பரவிற்று. அரசமாளிகையின் மரத்தை 15 சிலிங் எழுதுவினைஞனின் வீட்டில் நாட்டுவது எமது மாணவர் மாத்திரஞ் செய்யும் பிழையன்று.

அப்படியாயின் அவ்வீட்டில் அலங்காரமே இல்லையா? ஒத்திகையின்போது இவ்வினாவை எழுப்பினோம். பெரும்பாலும் வாய்திறவாத மாணவனொருவன் சொன்னான்: “எங்கட வீட்டிலயும் ஒண்டும் கட்டிறேல்லை, சேர். உடுப்பு மட்டுந்தான் புதுசு.”

நூலை மீண்டும் பார்த்தோம். மாணவன் சொன்னதே சரி. திருமதி கிராட்சிற் அணிந்திருப்பது இருமுறை புரட்டித் தைத்த கவுண். துணி மங்கியதும் உட்புறம் வெளியே வருமாறு பிரித்துத் தைப்பதையே புரட்டித் தைத்தல் என்பர். அந்தக் கவுணின்மேல் றிபன்கள். 6 பென்ஸ் செலவில் நல்ல தோற்றந் தருபவை அவை என்று ஆசிரியரே விலையுஞ் சொல்லிவிடுகிறார். மகள் பெலிண்டாவுக்கும் றிபன். மகன் பீற்றரின் கழுத்தில், தகப்பன் அந்நாளுக்கென வழங்கிய மாபெருங் கொலர். பொப்பின் நைந்த உடுப்பு இழையோட்டப்பட்டுத் தூசி தட்டப்பட்டிருக்கின்றது. பின்னர் ஆவி ஸ்குரூஜைச் சுரங்கத் தொழிலாளரின் மண்குடிசையொன்றுக்கு அழைத்துச் செல்கின்றது. அங்கும் சுவரைப் பற்றிப் பேச்சில்லை. நான்கு தலைமுறையினரும் பண்டிகை உடுப்பில் அமர்ந்திருக்கின்றனர். சிறு வீட்டின் அலங்காரம் மனிதர் உடலிலேயே இருக்கின்றது.

இது தற்செயலானதென நாம் எண்ணவில்லை. 15 சிலிங் என்பது 180 பென்ஸ்; றிபனுக்குச் சென்ற 6 பென்ஸ் அதில் முப்பதில் ஒரு பங்கு. சுவரிற் கட்டிய தழை சில நாட்களில் வாடிவிடும். றிபன் மறுஆண்டுக்கும் உதவும். சுவரைக் காண்போர் வீட்டினுள் வருவோர் மாத்திரமே; உடையோ கோவிலுக்கும் தெருவுக்கும் போகின்றது. ஊரார் முன்னிலையில் தாழ்ந்து நிற்கலாகாது என்னும் மானவுணர்ச்சி, அந்த ஆறு பென்ஸ் றிபனில் முடியப்பட்டிருக்கின்றது. புடிங் சிறிது என்று அக்குடும்பத்தில் எவரும் சொல்வதில்லை. குறிப்பாகச் சொல்லவும் நாணுவர் என்கிறார் டிக்கன்ஸ். இந்த இடத்தைக் காட்டி, ‘உள்ளதைக் கொண்டு மகிழ்ந்த ஏழைகள்’ என மாணவருக்குப் போதனை செய்யும் விளக்கவுரைகளை நாம் அறிவோம். எண்மருக்குப் புடிங் சிறிதென்பது எண்மருக்குந் தெரியும். தெரிந்துஞ் சொல்லாதிருத்தலைத் திருப்தி எனக் கொள்வது பிழையான வாசிப்பு மாத்திரமன்று. அதே நிலையிலுள்ள வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு ஆசிரியன் செய்யுந் துரோகமுமாகும்.

றிபனைப் பற்றிப் பேசும்போது மூத்த மகள் மார்த்தாவை மறத்தலாகாது. சீமாட்டிகளின் தொப்பிகளும் அணிகளுஞ் செய்யுங் கடையொன்றிற் பயிலும் வறிய பெண் அவள். நத்தாரன்று அவள் பிந்தியே வருகிறாள். முதல்நாள் இரவு முடிக்கவேண்டிய வேலையும் காலையில் ஒதுக்கவேண்டிய வேலையும் இருந்தன. எத்தனை மணிநேரம் ஒரே மூச்சாக உழைத்தாள் என்று பின்னர் சொல்கிறாள். மறுநாட் காலை நெடுநேரம் படுத்துக் கிடக்க வேண்டுமென்பதே அவள் ஆசை. ஊராரின் நத்தாரை அலங்கரித்த கைகள், தம் வீட்டை அலங்கரிக்க நேரமின்றி வந்து சேருகின்றன. சிறுவர் தொழில்நிலை பற்றிய ஆணைக்குழுவின் 1843ஆம் ஆண்டு அறிக்கை இக்கடைகளின் நீண்ட வேலை நேரத்தையும் எடுத்துக்காட்டிற்று. அவ்வறிக்கையைப் படித்துக் கொதித்த டிக்கன்ஸ் வறிய குழந்தைக்காக ஒரு துண்டுப்பிரசுரம் எழுத எண்ணி, பின் அதனைக் கைவிட்டு இக்கதையை எழுதினார். இருபது ஆண்டுகள் கழிந்து, 1863இல், மேரி ஆன் வோக்லி என்னும் இருபது வயதுத் தையற்பெண் வேல்ஸ் இளவரசியின் பொருட்டு நடந்த நடன விழாவுக்கான ஆடைகளைத் தைப்பதில் 26½ மணிநேரம் இடைவிடாது உழைத்து மாண்ட செய்தியை மார்க்ஸ் ‘மூலதன’த்திற் பதிந்துள்ளார். மார்த்தாவுக்கு ஆசிரியர் ஒதுக்கிய வரிகள் சிலவே. அவை இன்னும் விரிந்திருக்கலாகாதா என்னுங் குறை எமக்குண்டு.

இக்குறை செக்கோவிடம் இல்லை. 1886இல் வெளிவந்த அவரது ‘வன்கா’ சில பக்கங்களே கொண்ட கதை. மொஸ்கோவில் ஒரு சப்பாத்துத் தொழிலாளியிடம் பயிலும் ஒன்பது வயதுச் சிறுவன், நத்தாருக்கு முந்திய இரவில் கிராமத்திலுள்ள பாட்டனுக்குக் கடிதம் எழுதுகிறான். பண்ணை வீட்டுக்கு மரம் வெட்டப் பாட்டனுடன் பனிக்காட்டுக்குச் சென்றமை அவன் நினைவில் வருகின்றது. மரத்தை இழுத்து வருபவர் பாட்டனும் பேரனும். அதனை அலங்கரிப்போர் பண்ணை வீட்டார். அந்த மரத்திலிருந்து பொன்முலாம் பூசிய கொட்டை ஒன்றைக் கேட்டு வாங்கித் தன் பச்சைப் பெட்டியில் வைக்கும்படி வன்கா எழுதுகிறான். ஒரு கொட்டை! தன் கையாற் கொண்டுவந்த மரத்தில் அவனுக்குரிய பங்கு அவ்வளவே. கடிதமோ, சரியான விலாசமின்றிப் ‘பாட்டனுக்கு, கிராமம்’ என எழுதப்பட்டுத் தபாற் பெட்டியில் விழுகின்றது.

டிக்கன்ஸ் விலாசத்தை எழுதிவிடுகிறார் என்பதே அவர்மீது எமது முற்போக்கு அணியினர் வழக்கமாகச் சுமத்துங் குற்றம். மனந் திருந்திய முதலாளி வான்கோழியை அனுப்புகிறான், சம்பளத்தை உயர்த்துகிறான், கதை முடிகின்றது. ஒருவனின் மனமாற்றத்தால் அமைப்பு மாறுமா என்று கேட்பர். கேள்வி சரியானதே. 5 சிலிங் விலைக்கு விற்கப்பட்ட அந்த நூலை வாங்குவதானால், பொப் தன் வாரச் சம்பளத்தில் மூன்றிலொரு பங்கைக் கொடுத்திருக்கவேண்டும் என்பதையும் நாம் சேர்த்துச் சொல்வோம். ஆனால் கதையின் முடிவை மாத்திரம் வைத்துத் தீர்ப்பளிப்போர், நான்காம் அத்தியாயத்தின் ஒரு சிறு வாக்கியத்தைத் தாண்டிச் சென்றுவிடுகின்றனர்.

அவ்வத்தியாயத்தில், வரக்கூடிய ஒரு நத்தாரை ஸ்குரூஜ் காண்கிறான். ஊன்றுகோலுடன் நடமாடிய கடைக்குட்டி, சின்ன ரிம், இறந்துவிட்டான். தாய் தைத்துக்கொண்டிருக்கிறாள், துணியின் நிறம் கண்ணை நோகச் செய்கின்றது என்கிறாள். பொப் மேல்மாடி அறைக்கு ஏறிச் செல்கிறான். அந்த அறையில் விளக்கு ஏற்றப்பட்டிருக்கின்றது. நத்தார் அலங்காரமுந் தொங்குகின்றது. குழந்தையின் உடலருகே ஒரு கதிரை. கதை முழுவதிலும் கிராட்சிற் வீட்டின் சுவரில் அலங்காரந் தொங்குவதாக ஆசிரியர் கூறும் இடம் இது ஒன்றே. என்ன தொங்கிற்று, யார் கட்டினர் என்று அவர் கூறவில்லை. விருந்து நாளில் றிபனுக்கு மாத்திரம் காசிருந்த வீட்டில், இறந்த பிள்ளைக்காக அறை அலங்கரிக்கப்பட்டிருக்கின்றது. வான்கோழியால் ஈடுசெய்ய முடியாத உண்மை இவ்வாக்கியத்தில் உள்ளது. டிக்கன்ஸின் தீர்வைவிட டிக்கன்ஸின் கண் பெரிது என்று நாம் கருதுவதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

மாணவர் மேடையிற் கட்டிய சங்கிலிகளைத் தாமே அவிழ்த்தனர். சவுக்கமரம் வெளியே போயிற்று. விருந்துக் காட்சியில் வெறுஞ் சுவர். பெண் பாத்திரங்களுக்கு றிபன். பீற்றராக நடித்தவனுக்குத் தோள்வரை வந்த கொலர். இறுதிக்கு முந்திய காட்சிக்காகச் சங்கிலிகளையும் தழைகளையும் பத்திரப்படுத்தி வைத்து, திரை விழுந்த சில நிமிடங்களில் மேலறைச் சுவரிற் கட்டினர். உடுப்பைப் பற்றிச் சொன்ன மாணவனே முன்வந்து கதிரையை வைத்தான். நாடகம் முடிந்தபின் பெற்றோர் சிலர் எம்மிடம் வந்து, விருந்துக் காட்சியில் மேடை வெறுமையாயிருந்ததென்றும், ஒரு மரமாவது வைத்திருக்கலாமென்றும் குறைப்பட்டுக்கொண்டனர்.