செத்த பாம்பை வாசிப்பது

போன ஐப்பசியில், மழை விட்ட ஒரு ராத்திரி. பண்ருட்டிப் பக்கமிருந்து திருநாவலூருக்கு பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தேன். பின்னால் சித்தப்பா. ஹெட்லைட் வெளிச்சத்தில், தார்ச்சாலை ஓரம் கயிறு மாதிரி ஒன்று கிடந்தது. வண்டியை நிறுத்தி, "பாம்பு" என்றேன்.

"ராத்திரியில பேரச் சொல்லாதடா, பூச்சின்னு சொல்லு" என்றார். கிட்டே போய்ப் பார்த்தோம். ஏதோ வண்டி ஏறி நடு உடம்பு நசுங்கியிருந்தது. பழுப்பு உடம்பில் வெள்ளைப் பட்டைகள். "கட்டுவிரியன். செத்தது நல்லதாப் போச்சு." எட்ட நின்றே செல்போனில் ஜூம் செய்து நாலைந்து படம் எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து திறந்த புத்தகத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ரோமுலஸ் விட்டேக்கரும் அசோக் கேப்டனும் சேர்ந்து ஆங்கிலத்தில் எழுதி, செங்கல்பட்டு டிராக்கோ புக்ஸ் 2004இல் வெளியிட்ட 'ஸ்நேக்ஸ் ஆஃப் இந்தியா'. சாஃப்ட்வேர்க்காரனுக்கு இது உடனே பிடித்துப்போகிற புத்தகம். நல்ல டாக்குமெண்டேஷன் மாதிரி எழுதப்பட்டது. வர்ணனை குறைவு. செதில், நிறம், எங்கே வாழும், எதோடு குழப்பிக்கொள்வோம் என்று நேராக விஷயத்துக்கு வந்துவிடும்.

கட்டுவிரியனுக்கு முதுகின் நடுவரிசைச் செதில்கள் மட்டும் மற்றதைவிடப் பெரிதாக, அறுகோணமாக இருக்கும். பட்டைகள் பெரும்பாலும் ஜோடி ஜோடியாக வரும்; கழுத்துப் பக்கம் மங்கி, வால் பக்கம் தெளிவாகும். வெள்ளிக்கோல் வரையனுக்குப் பட்டைகள் தலைப்பக்கம் தெளிவு, வால்பக்கம் மங்கல். நடுவரிசைச் செதிலும் மற்றதைப் போலவேதான். என் படத்தில் அறுகோணம் இல்லை. செத்தது விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையன். வீட்டுச் சுவரேறிப் பல்லி பிடித்துத் தின்கிற பிராணி.

எனக்கு இந்தப் புத்தகத்தோடு ஒரு சண்டை உண்டு. இதில் வரும் பாம்புகள் உயிரோடு, முழு உடம்போடு இருக்கின்றன. நான் பாம்பைப் பார்க்கிற இடமோ சாலை. அங்கே கிடைப்பது பாதித் தலை, நசுங்கிய முதுகு, காய்ந்த தோல். சாலையில் கிடப்பதை எப்படி வாசிப்பது என்று தனியாக ஓர் அத்தியாயம் இருந்திருந்தால், எங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் முதல் அத்தியாயம்.

சாலையை வாசித்த ஒருவர் இருந்தார், கலிபோர்னியாவில். லாரன்ஸ் கிளாபர். படிப்பு எலக்ட்ரிக்கல் எஞ்சினியரிங், வேலை சான் டியகோ மின்சார கம்பெனியில். ராத்திரியில் பாலைநிலச் சாலைகளில் காரை மெதுவாக ஓட்டிப் பாம்பு தேடினார். கிடைத்ததை எல்லாம் கணக்காக எழுதினார்: ஓடிய மைல், நேரம், வெப்பநிலை. 1939இல் வந்த அவருடைய கட்டுரையை வாசிக்கும்போது சர்வர் லாக் வாசிக்கிற உணர்வு எனக்கு. சாலையையே ஓர் அளவுகோலாக்கிய மூளை அது. ஆனால் அவருடைய சாலை கிட்டத்தட்ட காலியான சாலை. இன்று பாம்பைக் காட்டிக்கொடுக்கிற சாலையேதான் பாம்பைக் கொல்கிறது. என் பைக்கும் அந்தக் கணக்கில் சேர்த்திதான்.

இன்னொரு வாசிப்பும் இருக்கிறது. இருளர்களுடையது. மண்ணில் பதிந்த தடம், உரித்துப் போட்ட சட்டை, எச்சம், வளையின் வாய் இவற்றை வைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வார்கள். மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் ஃபுளோரிடாவுக்கே போய் மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. தாரில் தடம் பதியாது. மண்பாதை தார்ச்சாலை ஆகும்போது அவர்களுடைய எழுத்து அழிந்து, கிளாபருடைய கணக்கு மட்டும் மிஞ்சுகிறது. மூன்றையும் ஒரே மேசையில் வைக்கிற புத்தகத்துக்காகத்தான் காத்திருக்கிறேன்.

இதெல்லாம் ஹாபி இல்லையா என்று கேட்கலாம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் என்பது ஓர் ஆய்வின் மதிப்பீடு. கட்டுவிரியன் தரையில் தூங்குகிறவரைக் கடித்தால் பல நேரம் வலியே தெரியாது. ஆனால் கடிபட்டவர் பாம்பின் பேரைக் கண்டுபிடித்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். அதற்கான விஷத்தை எடுத்துக் கொடுப்பதும் 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவு சங்கம். செய்ய வேண்டியது ஒன்றுதான்: உடனே ஆஸ்பத்திரிக்குப் போவது. சரியான பேர் யாருக்குத் தேவை என்றால், அடிவாங்கப்போகிற பாம்புக்கு. அந்த வகையில் இந்தப் புத்தகம் பாம்பின் கட்சி. அது தமிழில், சித்தப்பா கையில் இருக்க வேண்டியது.

காலையில் படத்தையும் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நடுவரிசைச் செதிலை விரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். ரொம்ப நேரம் பேசவில்லை.

"அப்ப போன வருஷம் நம்ம வாசல்ல அடிச்சமே, அது என்னடா?"

அதைப் படம் எடுக்கவில்லை.