பெயரைச் சொன்னவரும் பெயரை எழுதியவரும்

ஐரிஷ் நாடகாசிரியர் பிறையன் பிறீலின் 'மொழிபெயர்ப்புகள்' 1980இல் வட அயர்லாந்தின் டெரி நகரில் முதன்முதலாக மேடையேறியது. கதை நிகழும் காலம் 1833. களம் டொனிகோல் மாவட்டத்துக் கற்பனைக் கிராமமொன்று. நிலமளக்க வந்த ஆங்கிலப் படையினர் ஊர்ப்பெயர்களை ஆங்கிலப்படுத்துகின்றனர். அவர்களுக்குத் துணைநிற்பவன் அவ்வூர் ஆசிரியரின் மகன் ஓவன். யோலண்ட் என்ற இளம் அதிகாரி காணாமற்போகவே, கால்நடைகளைக் கொன்று குடிசைகளைத் தரைமட்டமாக்குவோமெனத் தளபதி லான்சி அச்சுறுத்துகிறான்.

ஒரு மக்கட் கூட்டம் தன் மொழியை இழக்கும் வேதனையை இந்நாடகம் உணர்த்தும் ஆற்றலை நாம் மறுக்கவில்லை. ஆயினும் குற்றவாளி யார் என்ற வினாவுக்கு அது தரும் விடை போதுமானதா?

வரலாறு கூறுவது வேறு. அயர்லாந்தின் நிலஅளவை 1824இல், உள்ளூர் வரியைச் சீராகப் பங்கிடும் நோக்குடன் தொடங்கிற்று. அளவையாளர் துப்பாக்கிமுனையில் மக்களை விரட்டினாரல்லர். 1830 முதல் ஊர்ப்பெயர்களை ஆராய்ந்தவர் ஜோன் ஓ டொனவன்; கில்கெனி மாவட்டத்து விவசாயக் குடும்பத்திற் பிறந்த ஐரிஷ் மொழி அறிஞர். அவர் ஊரூராக நடந்தார், முதியோரிடம் கேட்டார், பெயரின் ஐரிஷ் வடிவத்தையும் பொருளையும் குறிப்பேடுகளிற் பதிந்தார். 1839இல் அரன் தீவுகளுக்குச் சென்று, கடற்பாறை விளிம்பில் நிற்கும் டூன் எங்கஸ் என்னும் கற்கோட்டையை விவரித்தார். பழைய கல்லறைகளை டெர்மட், கிரான்யா என்னும் காதலரின் படுக்கைகளென மக்கள் அழைத்தமையும் இத்தகைய பதிவுகளிலே இடம்பெற்றது. ஓவன் வேறு, ஓ டொனவன் வேறு என்பது தெளிவு.

அவ்வாறாயின் அளவை குற்றமற்றதா? அன்று. கேட்டது குறிப்பேட்டில் நின்றது. அச்சேறியது ஆங்கில எழுத்துக்கூட்டலே. 'கில்' என்றால் தேவாலயம். 'கொயில்' என்றால் காடு. ஆங்கிலப் படத்தில் இரண்டும் 'கில்' ஆயின. கில்மோர் என்பது பெருங்கோயிலா, பெருங்காடா? படம் பேசாது. வரலாறு, தொல்பொருள், மக்கள் வாழ்க்கை ஆகியவற்றைத் தொகுத்து வெளியிடும் திட்டமும் 1837இல் டெரியை உள்ளடக்கிய ஒரே பங்கின் நூலோடு நின்றது. செலவு மிகுதியெனக் காட்டி 1840இல் அரசு அதனைக் கைவிட்டது. வரிக்கு வேண்டிய படத்துக்குப் பணமிருந்தது. மக்களின் நினைவுக்கு இல்லை. 1845இற் பெரும்பஞ்சம் தொடங்கியது. ஐரிஷ் பேசிய ஏழைகள் பெருந்தொகையாக மாண்டனர். எஞ்சியோரிற் பலர் கப்பலேறினர்.

எனவே லான்சியின் அச்சுறுத்தல் நம்மைத் திசைதிருப்புகிறது என்பது நம் கருத்து. ஆட்சி தன் கொடுமையை எப்போதும் ஆயுதத்தால் நிகழ்த்துவதில்லை. செலவுக் கணக்காலும் எழுத்துக்கூட்டலாலும் அமைதியாகவே நிகழ்த்திவிடும். பிறீல் இதை உணராதவரல்லர். ஒரு சந்தியின் பெயர் வற்றிப்போன கிணறொன்றைக் குறிப்பது. அக்கதை இன்று தன்னொருவனுக்கே தெரியும் என ஓவன் கூறும் காட்சியில் ஆயுதமில்லை. நாடகத்தின் மிகப்பெரிய உண்மை அங்கேதான் உள்ளது.

1946இல் அயர்லாந்து அமைத்த ஊர்ப்பெயர் ஆணைக்குழுவின் ஆய்வுக்கு அக்குறிப்பேடுகள் பெருந்துணையாயின. எழுதியவரைப் போற்றுவோம். ஆனால் வாசலில் நின்று பெயர்சொன்ன பாமரரின்றி அந்த ஏடுகள் வெற்றுத்தாளே என்பதையும் மறவாதிருப்போம்.