விதிகளை எழுதுவது யார்?

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் சாப்பாட்டு நேரத்தில் கேட்டார். "அண்ணா, தமிழ்ல லவ் ஸ்டோரி, ஃபேன்டஸி ரெண்டுலயும் நல்லதா நாலு நாவல் சொல்லுங்க. சோகமா மட்டும் முடியக் கூடாது." ஆங்கிலத்தில் டிராகன், மந்திரப் பள்ளி, அரண்மனைக் காதல் என்று வருஷத்துக்கு நாற்பது புத்தகம் வாசிப்பவர். சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. வாசித்தவைதான், ஆனால் எப்போதோ வாசித்தவை. சரி, திரும்ப எடுத்துப் பார்த்துவிட்டே சொல்வோம் என்று ஆரம்பித்தேன். கேளம்பாக்கத்திலிருந்து தரமணி போகும் கம்பெனி பஸ்ஸில் போக வர மூன்று மாதம் ஓடியது. மெட்ரோ வேலை நடக்கும்வரை ஓஎம்ஆரில் வாசிப்புக்குக் குறைவே இருக்காது.

முதலில் ரமணிசந்திரன். கல்லூரியில் படித்த காலத்தில் இவரைக் கிண்டல் செய்வதை இலக்கிய ரசனையின் அடையாளமாக நினைத்திருந்தேன். அம்மா லெண்டிங் லைப்ரரியில் இருந்து எடுத்து வந்து, சமையலை இறக்கி வைத்துவிட்டு வாசிப்பார். "இதெல்லாம் ஒரு கதையா" என்பேன். ஒன்றைக்கூட முழுதாக வாசித்ததில்லை. இப்போது ஏழெட்டு வாசித்தேன். கிண்டலில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பணக்கார, முன்கோபக்கார நாயகன், தன்மானம் உள்ள நாயகி, ஒரு தவறான புரிதல், கடைசியில் சமாதானம் என்று சட்டகம் ஒன்றேதான். ஆனால் அந்தத் தன்மானம் போலியில்லை. அவன் பணத்தை அவள் தொடமாட்டாள், சந்தேகப்பட்டால் எதிர்த்துப் பேசுவாள், மன்னிப்பு கேட்கும்வரை இறங்கி வரமாட்டாள். மதியம் ஒரு மணி நேரம் மட்டுமே தனக்கென்று கிடைத்த ஒரு பெண்ணுக்கு, மன்னிப்பு கேட்கும் கணவன் எவ்வளவு பெரிய ஃபேன்டஸி என்று இருபது வயதில் எனக்குப் புரியவில்லை.

வாபஸ் வாங்காத பாதி இது. நான் வாசித்த அத்தனையிலும் காதலுக்குக் குறுக்கே நிற்பது ஒரு தவறான புரிதல்தான். ஒரு கடிதம், ஒரு பொறாமைக்காரி, காதில் அரைகுறையாக விழுந்த ஒரு பேச்சு. உட்கார்ந்து பத்து நிமிஷம் பேசினால் தீர்ந்துவிடும். பணத்தில் ஏற்றத்தாழ்வு உண்டு, ஜாதி என்ற ஒன்று அந்த உலகில் இருப்பதாகவே தெரியவில்லை. நம் ஊரில் இரண்டு பேர் காதலித்தால் வீட்டில் வரும் முதல் கேள்வி எது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கேள்வி இந்தக் கதைகளுக்குள் நுழைவதே இல்லை.

அடுத்தது சுஜாதாவின் 'பிரிவோம் சந்திப்போம்'. ஆனந்த விகடனில் தொடராக வந்தது, 2009இல் 'ஆனந்த தாண்டவம்' என்று படமாகவும் வந்தது. பாபநாசத்தில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் ரகுபதி, துறுதுறுவென்று ஓடிவரும் மதுமிதா, நடுவில் அமெரிக்க மாப்பிள்ளை ராதாகிஷன். இன்ஜினியரிங் மூன்றாம் வருஷத்தில் ஹாஸ்டலில் இதை ஒரே ராத்திரியில் வாசித்தேன். நான்தான் ரகு என்று நினைத்தேன். மதுமேல் அப்படி ஒரு கோபம். கிரீன் கார்டுக்காக விட்டுட்டுப் போயிட்டாளே!

இப்போது அந்தக் கோபம் வரவில்லை. முதல் பாகம் முழுக்க ரகுவின் கண்ணால் சொல்லப்படுகிறது, அதனால் மது என்ன நினைத்தாள் என்பது நமக்குக் கடைசிவரை தெரிவதில்லை. அவளைக் குழந்தைத்தனமானவள் என்று எல்லோரும் ரசிக்கிறார்கள். அந்தக் குழந்தைத்தனத்தைக் காரணம் காட்டியே அவளுக்காக முடிவையும் எடுக்கிறார்கள். ரகுவும் அவளிடம் ஒரு பெரிய மனுஷியிடம் பேசுவதைப்போல ஒருமுறையாவது பேசினானா என்று தேடினேன். அழகை வர்ணிக்கிறான், உருகுகிறான், அவ்வளவுதான். அமெரிக்க மாப்பிள்ளை என்ற தடையை சுஜாதா அன்றைய நடுத்தர வர்க்கத்திலிருந்து அப்படியே பிடித்திருக்கிறார், அதில் சந்தேகமில்லை. இரண்டாம் பாகத்தில் மதுவின் வாழ்க்கை அமெரிக்காவில் சிதையும்போது மட்டும், பிழை செய்தவளுக்குக் கதை தண்டனை கொடுக்கிற மாதிரி இருக்கிறது. தீர்மானித்தவர்கள் பெரியவர்கள், தண்டனை அவளுக்கு.

இதே கணக்கு 'சிவகாமியின் சபத'த்திலும் இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கே ஆச்சரியம். எங்கள் பக்கத்து ஊர்க் கதை இது. உப்பளங்களைத் தாண்டிக் கோவளம் போய், தெற்கே திரும்பினால் மாமல்லபுரம். 1944 முதல் 1946 வரை கல்கியில் வந்த தொடர், நான்கு பாகம். சிற்பி ஆயனரின் மகள் சிவகாமி, இளவரசன் மாமல்லன். புலிகேசி அவளை வாதாபிக்குச் சிறைபிடித்துப் போகிறான். அந்த ஊரை மாமல்லன் எரித்துத் தன்னை மீட்கும்வரை அங்கிருந்து நகரமாட்டேன் என்று அவள் சபதம் செய்கிறாள். முன்னதாகவே மாறுவேடத்தில் மீட்க வந்த மாமல்லனோடு கிளம்ப மறுக்கிறாள். ஒன்பது வருஷம் கழித்து வாதாபி எரிகிறது. திரும்பி வந்தால் அவனுக்குப் பாண்டிய இளவரசியோடு கல்யாணமாகி, குழந்தைகளும் இருக்கிறார்கள்.

'அவளோட பிடிவாதம்தான் அவளை அழிச்சுது' என்றுதான் வழக்கமாகச் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் சபதத்துக்கு ரொம்ப முன்பே இந்தக் கல்யாணம் நடக்காது என்று மகேந்திரவர்மர் முடிவு செய்துவிடுகிறார். சிவகாமியின் நடனத்தை அவரைவிட ரசித்தவர் யாருமில்லை. ஆனால் ஒரு சிற்பியின் மகள் பல்லவ நாட்டு ராணியாவதில் அவருக்குச் சம்மதம் இல்லை. மரணப் படுக்கையில் பாண்டியன் மகளை மணக்கச் சொல்லி மகனிடம் வாக்கு வாங்குகிறார். முதல் சந்தர்ப்பத்திலேயே சிவகாமி கிளம்பி வந்திருந்தாலும் காஞ்சியில் அவளுக்கு எந்த இடம் இருந்திருக்கும்? கல்கி இதை மறைக்கவில்லை, எல்லாம் நாவலிலேயே இருக்கிறது. ஆனால் கதையின் தலைப்பு, கண்ணீர், போர் எல்லாம் சபதத்தின்மேல் விழுந்துவிடுவதால் ராஜாவின் கையெழுத்து நம் கண்ணில் படுவதில்லை. கலையைக் கொண்டாடிவிட்டுக் கலைஞர் வீட்டில் சம்பந்தம் வைக்க மறுக்கும் ஆட்களை ஏழாம் நூற்றாண்டில்தான் தேட வேண்டுமா என்ன?

ஃபேன்டஸிக்கு ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்'. 1997இல் வந்தது. இதை ஃபேன்டஸி என்றால் சிலர் முறைப்பார்கள். பள்ளிகொண்ட பிரம்மாண்டமான ஒரு கறுப்புச் சிலை, யுகத்துக்கு ஒருமுறை அது புரண்டு படுக்கும் என்ற நம்பிக்கை, அந்த நம்பிக்கையைச் சுற்றி எழும்பிய ஒரு கோயில் நகரம், கடைசியில் பிரளயம். வேறென்ன பெயர் வைப்பது? முதல் பாகத்தில் பழங்கதையாக நாம் கேட்பது இரண்டாம் பாகத்தில் கண்முன் நடக்கிறது. பூசலும் தற்செயலும் நிறைந்த ஒரு மனித விவகாரம் எப்படிப் புராணமாகிறது என்பது அப்போது விளங்குகிறது. தர்க்க விவாதப் பகுதிகளில் எனக்கு மூச்சு முட்டியது, இரண்டு தடவை கீழே வைத்தேன். பொறுமையாகப் போனால் பலன் உண்டு.

நான் மேலே சொல்லிவந்த விஷயத்துக்கும் இதுதான் வெளிச்சம் காட்டியது. இல்லாத ஓர் உலகத்தைக் கட்டும் எழுத்தாளர் அதன் விதிகளை எழுதியாக வேண்டும். யார் கோயிலுக்குள் போகலாம், யார் வெளியே நிற்க வேண்டும், எதன் பெயரால், எல்லாவற்றையும் சொல்லாமல் அந்த நகரம் எழும்பாது. விஷ்ணுபுரத்தில் ஒருபடி மேலே போய், அந்த விஷ்ணு உண்மையில் யார் என்றே கேள்வி வருகிறது. காட்டில் வாழும் பழங்குடிகளுக்கு அது அவர்களுடைய பெருமூப்பன். நகரத்தின் அடித்தளமே இன்னொருவரிடமிருந்து எடுத்துக்கொண்டது. காதல் கதைக்கு இந்தச் சிரமம் கிடையாது. அது நம் ஊரிலேயே நடக்கிறது. விதிகள் நமக்குத் தெரியும் என்பதால் எழுத்தாளர் சொல்லாமல் விடலாம், தடையை விதியின்மேலோ பெண்ணின்மேலோ போட்டுவிடலாம். ப்ரோக்ராமில் தப்பை வைத்தது ஒருவர், பழி யூசருக்கு.

கடைசியாகப் பெருமாள்முருகனின் 'பூக்குழி', 2013. இது 2016இல் அனிருத்தன் வாசுதேவன் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்தில் வந்தது. 2023இல் சர்வதேச புக்கர் நெடும்பட்டியலிலும் இடம்பெற்றது. அந்த 2013 ஜூலையில் தர்மபுரியில் தண்டவாளத்தருகே இறந்து கிடந்த இளவரசனுக்கு நாவல் சமர்ப்பிக்கப்பட்டிருக்கிறது. சோடாக் கடையில் வேலை பார்க்கும் குமரேசன், டவுனில் காதலித்த சரோஜாவைக் கல்யாணம் செய்து பாறைமேல் இருக்கும் தன் குடிசைக்குக் கூட்டி வருகிறான். ஊர் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கிறது. அவன் மழுப்புகிறான். அம்மா மாராயி நாள் முழுக்க ஒப்பாரி வைக்கிறாள். வெயிலும் அந்தப் பாறையும் சேர்ந்து வாசிக்கும் நம்மையே சுடுகின்றன. குமரேசன்மேல் எனக்குக் கடைசிவரை எரிச்சல் குறையவில்லை. எல்லாம் சரியாகிவிடும் என்ற அவன் நம்பிக்கைதான் அவளைத் தனியாக விடுகிறது. அந்த எரிச்சலை எழுத்தாளர் வேண்டுமென்றேதான் மூட்டுகிறார் என்று நினைக்கிறேன்.

ரமணிசந்திரனைப்போலவே இந்த நாவலும் ஜாதிப் பெயரைச் சொல்வதில்லை. சரோஜா என்ன ஜாதி என்று கடைசிப் பக்கம்வரை வராது. ஆனால் இங்கே சொல்லாமல் விட்டது வேறு வேலை செய்கிறது. நாற்பதாம் பக்கம் வாக்கில் ஒன்றைக் கவனித்தேன். அவள் நிறம், அவள் ஊர், அவள் அப்பாவின் வேலை என்று ஒவ்வொன்றாகக் கூட்டி அவள் எந்த ஜாதியாக இருக்கும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஊர்க்காரர்கள் கேட்ட அதே கேள்வியை, ஏசி பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு. புத்தகத்தை மூடிவிட்டேன். அன்று சாயங்காலம் திரும்பி வரும்போதுதான் மறுபடி திறந்தேன்.

நாலு கேட்டவருக்கு இந்த ஐந்தையும் எழுதிக் கொடுத்தேன். 'பூக்குழி'யை முதலில் வாசிக்கச் சொன்னேன், அதற்குப் பிறகு மற்ற நாலும் வேறு மாதிரி தெரியும் என்பதால். பட்டியலைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது: "இதுல எதுண்ணா சந்தோஷமா முடியுது?"

ரமணிசந்திரன் மட்டும்தான் என்றேன்.